குன்னூர் மலைப்பாதைக்கு ரெக்கவரி வண்டி: 4 டயரா, 6 டயரா? உதவி வேணும்

குன்னூர்_பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல 11 வருஷமா பட்டறை வெச்சிருக்கேன். கார், பிக்கப் வேலைதான். ரோட்டுல நின்னுபோற வண்டியை எடுக்கணும்னா மேட்டுப்பாளையத்துல இருந்துதான் ரெக்கவரி வண்டி ஏறி வரணும். மே சீசன்ல ஏறுறது பர்லியாறு வழி, இறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்கிட்டா அது வந்து சேர மூணு மணி நேரம்கூட ஆகுது. போன மாசம் மரப்பாலத்துக்கு மேல ஒரு குடும்பம், கைக்குழந்தையோட, கொட்டுற மழையில ரோட்டோரம் நின்னாங்க. நான் பைக்ல போய்க் குடை கொடுத்துட்டு நின்னதைத் தவிர வேற ஒண்ணும் செய்ய முடியல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், சொந்தமா ஒரு வண்டி போட்டுடணும்னு.

பின்னாடி வீல் லிஃப்ட் வெச்சு, காரோட முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்துட்டுப் போற மாதிரி செய்யலாம்னு இருக்கேன். காரை முழுசா மேல ஏத்திக்கிற பிளாட்பெட் போடுற அளவுக்கு இப்போ கையில காசு இல்ல. பழைய வண்டி ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு பிக்கப், பின்னாடி ஒத்தை டயர், மொத்தம் 4. இன்னொண்ணு 407 அளவு லைட் டிரக், பின்னாடி ஜோடி டயர், மொத்தம் 6.

எனக்கு வர்ற அழைப்பு பத்துல ஏழு மெயின் ரோடு. மீதி மூணு எஸ்டேட் ரோடு, ஹட்டிக்குள்ள (படகர் ஊருக்குள்ள) போற சந்து. சின்ன காருதான் ஜாஸ்தி, சீசன்ல இன்னோவா மாதிரி பெரிய வண்டியும் வரும். ஜோடி டயர் உண்மையிலேயே தேவையா, இல்ல டயர் செலவுதான் கூடுமா? மலையில ஓட்டுனவங்க சொல்லுங்க.

கோத்தகிரி_பச்சைத்தேயிலை

அண்ணா, பிக்கப்பே எடுங்க. நான் தோட்டத்துல இருந்து ஃபேக்டரிக்கு இலை ஓட்டுறேன், 4 டயர்தான், ஒம்பது வருஷமாச்சு.

ஜோடி டயரோட முதல் பிரச்சினை ஹேர்பின். ரெண்டு டயரும் ஒரே ஹப்புல பூட்டி இருக்கு, ஒரே சுத்துதான் சுத்தும். ஆனா அரை வட்டம் திரும்புறப்ப வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கிற டயர் இன்னொண்ணைவிடக் கூடுதல் தூரம் போயாகணும். ரெண்டுக்கும் நடுவுல 25 செ.மீ. இருந்தா ஒரு வளைவுக்குக் கிட்டத்தட்ட 80 செ.மீ. வித்தியாசம். வளைவு சின்னதோ பெருசோ கணக்கு மாறாது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வர்றதுக்குள்ள 14 ஹேர்பின், அதாவது 11 மீட்டர் சும்மா ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே வர்றோம். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இது நடக்கும். டயர் பட்டன் தேயாம நிக்குமா?

ரெண்டாவது, மண் ரோடு. ஈர மண்ணுல ஒத்தை டயர் அழுத்திப் பிடிச்சு அடியில இருக்கிற கெட்டித் தரையைத் தொட்டுடும். ஜோடி டயர் அகலமா மேல மிதக்கும், அதுவும் லோடு இல்லாதப்ப வழுக்கும். எங்க பக்கம் எஸ்டேட் பாலம் சிலது வண்டி அகலத்துக்குத்தான் கட்டியிருக்காங்க, கல்லும் ஜோடிக்கு நடுவுல மாட்டிக்கும். உங்க மூணு அழைப்புக்கு 6 டயர் உள்ளயே போகாதுங்க.

மேட்டுப்பாளையம்_ஃபேப்ரிகேஷன்

மேல தம்பி சொன்னது இலை ஏத்துற வண்டிக்குச் சரி. இலை பாடிக்குள்ள, ஆக்சிலுக்கு முன்னாடியும் மேலயும் பரவி உக்காரும். வீல் லிஃப்ட்ல எடை பாடிக்கு வெளிய, பின் ஆக்சிலையும் தாண்டித் தொங்கும். ஏத்தம் இறைக்கிற மாதிரிதான், ஒரு முனையில அழுத்துனா மறு முனை தூக்கும்.

கணக்கைப் போட்டே காட்டுறேன். பிக்கப் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கிற தூரம், 3 மீட்டர், காரோட சக்கரம் உக்காருற இடம் பின் ஆக்சிலுக்கு 1.8 மீட்டர் பின்னாடி, தூக்குற எடை 900 கிலோன்னு வெச்சுக்கங்க. இன்னோவா மாதிரி வண்டிக்கு முன்பக்கம் அவ்வளவு வரும். 900 × 1.8 ÷ 3 = 540. உங்க முன் ஆக்சில்ல இருந்து 540 கிலோ கழண்டு போகுது, பின் ஆக்சில்ல 900 இல்ல, 1440 ஏறுது.

வெறும் வண்டியா முன்னாடி 950, பின்னாடி 750 இருந்தா, தூக்குனப்புறம் முன்னாடி 410, பின்னாடி 2190. லிஃப்ட் கருவியோட எடை 350 கிலோவை இன்னும் சேர்க்கவே இல்ல. இப்போ டயரோட பக்கவாட்டுல எண்ணைப் பாருங்க. 109ன்னு இருந்தா ஒரு டயர் 1030 கிலோ தாங்கும், ரெண்டுக்கு 2060. தாண்டியாச்சு. சின்ன கார்னா 550 கிலோதான் தூக்குவீங்க, ஆனா கருவியையும் சேர்த்தா அதுவே விளிம்புல வந்து நிக்கும்.

407 அளவு வண்டியில 7.50 ஆர் 16 டயர் பக்கவாட்டுல 122/121ன்னு ரெண்டு எண் இருக்கும். முதல் எண் ஒத்தையா போட்டா 1500 கிலோ, ரெண்டாவது எண் ஜோடியா போட்டா 1450. நாலு டயருக்கு 5800. டயரைப் பத்தின கவலை அங்க முடிஞ்சுது.

ஆனா தம்பி, நான் உங்களைப் பயமுறுத்துறது பின் டயருக்காக இல்ல, அந்த 410 கிலோவுக்காக. ஸ்டீயரிங் திருப்புறதும் பிரேக் பிடிக்கிறதும் பெரும்பாலும் முன் டயர். வெறும் வண்டியா நிக்கிறப்ப முன் ஆக்சில்ல இருக்கிற எடையில பாதியாவது தூக்குனப்புறமும் மிச்சம் இருக்கணும்னு டோயிங் தொழில்ல ஒரு கணக்கு உண்டு. 950ல பாதி 475. உங்களுக்கு 410. ஏத்தத்துல எடை இன்னும் பின்னாடி சாயும். நனைஞ்ச ரோடு, ஹேர்பின், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கிறீங்க, வண்டி நேரா போகும். எத்தனை டயர் போட்டாலும் இந்தக் குறை தீராது.

குன்னூர்_பட்டறை

அண்ணா, இந்தக் கணக்கை நான் யோசிக்கவே இல்ல. பின்னாடி எவ்வளவு தாங்கும்னு மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன். ரொம்ப நன்றி.

ஒரு கேள்வி. பிக்கப் நல்ல விலைக்கு வருது. அதுலயே பின்னாடி ஸ்பேசர் போட்டு ரெண்டு டயர் கூட்டி ஜோடியாக்கிட்டா? ஒருத்தர் செஞ்சு தர்றேன்னு சொல்றார்.

மேட்டுப்பாளையம்_ஃபேப்ரிகேஷன்

வேண்டவே வேண்டாம். ஜோடி டயருக்கான டிஸ்க் உள்பக்கமா நல்லா குழிஞ்சு இருக்கும், ரெண்டு டிஸ்க்கும் முதுகோடு முதுகு ஒட்டி ஹப்புல உக்காரணும்னே செஞ்சது. ஸ்பேசர் போட்டுத் தள்ளுனா எடை பேரிங்குக்கு வெளிய போகும், ஸ்டட் ஒடியும். அப்புறம், டயர் தாங்குனா மட்டும் போதுமா? ஆக்சில், ஹவுசிங், ஸ்பிரிங் பட்டை, பிரேக் எல்லாம் பழசுதானே? ஆர்.சி.யில ஏறாத மாற்றம் செஞ்சு, நாளைக்கு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல கேட்பான். லிஃப்ட் பொருத்துறதுக்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிட்டே வேலையை ஆரம்பிங்க.

பெருமாள்மலை_மெக்கானிக்

கொடைக்கானல் பக்கத்துல இருந்து எழுதுறேன். 4 டயர் பிக்கப்புல லிஃப்ட் வெச்சு ரெண்டு வருஷம் ஓட்டுனவன் நான். பண்ணைக்காடு, தாண்டிக்குடி உள்ரோட்டுக்கெல்லாம் நல்லாத்தான் போச்சு.

வத்தலக்குண்டு ரோட்டுல ஒரு நாள் சாயங்காலம், டம்டம் பாறைக்கு மேல இறங்கிட்டு இருக்கேன், பின்னாடி ஒரு கார் தொங்குது. இடது பின் டயர் வெடிச்சுது. வெடிச்ச சத்தம்கூடப் பெருசாத் தெரியல. சீட்டு இடது பக்கம் சரிஞ்சது தெரிஞ்சுது, கண்ணாடியில பார்த்தா தூக்கி வெச்ச கார் பள்ளத்துப் பக்கமா அசைஞ்சு வருது. நான் பிரேக்கை மிதிக்கல. மிதிச்சிருந்தா கார் என்னைத் தள்ளித் திருப்பியிருக்கும். செகண்ட் கியர்லயே விட்டு, ஸ்டீயரிங்கைக் கெட்டியாப் பிடிச்சு, ரிம் தார்ல உரசுற ஓசையோடயே மலைப்பக்கச் சாக்கடையில கொண்டுபோய்ச் சாத்துனேன். இறங்கிப் பார்த்தா ரிம் ஓரம் தட்டு மாதிரி விரிஞ்சிருந்துச்சு. தடுப்புச்சுவர் அந்தப் பக்கம் நாலடி தூரம்.

ஜோடியா இருந்தா இன்னொரு டயர் பிடிச்சிருக்கும், ஓரமா நிறுத்துற வரைக்குமாவது. இப்போ 6 டயர் வெச்சிருக்கேன். டயர் தேயுது, உண்மைதான். தேயட்டும்னு விட்டுட்டேன்.

ஊட்டி_காய்கறி_லாரி

நான் 28 வருஷம் முத்தோரை பாலாடா, கேத்தி பாலாடா பக்கமிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குனவன். வண்டியை விட்டு நாலு வருஷம் ஆச்சு. தம்பி 6 டயர் எடுக்கிறதா இருந்தா உள் டயரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிடுறேன். ஜோடி டயர் காப்பாத்தும்னு மேல சொன்னது சரி, ஆனா உள் டயரைக் கண்டுக்காம விட்டா அதுவே காலை வாரும்.

வெளி டயர்ல காத்து போனா கண்ணுக்குத் தெரியும். உள் டயர்ல போனா தெரியாது, பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கிட்டு வண்டி நேரா நிக்கும். நீங்க பாட்டுக்கு ஓட்டுவீங்க. சப்பையான டயர் மடங்கி மடங்கிச் சூடாகும், ரெட்டைச் சுமை தூக்குற டயரும் சூடாகும். பர்லியாறு செக்போஸ்ட்டுல ஒரு தடவை நான் டீ குடிக்க நிறுத்துறேன், உள் டயர்ல இருந்து புகை. தொட்டா கை பொசுங்குது. பையன் தண்ணி எடுத்துட்டு ஓடி வந்தான், நான் தடுத்து முதல்ல மண்ணை வாரிப் போடச் சொன்னேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடியும் சுத்தியல். உள் டயரைத் தட்டுனா "டங்"னு எகிறணும். "தொப்"புனு சத்தம் வந்தா காத்து இல்ல. ஆனா காத்து கொஞ்சம் குறைஞ்சிருந்தா தட்டுற சத்தத்துல தெரியாது. கேஜ் வெச்சும் பாருங்க, உள் டயருக்கு நீள வால்வு போட்டுக்கங்க, இல்லன்னா சோம்பேறித்தனத்துல பார்க்க மாட்டோம்.

காத்தைப் பத்தி இன்னொண்ணு. மேட்டுப்பாளையத்துல மத்தியான வெயில்ல 75 பவுண்டு பிடிச்சுட்டு மேல வருவீங்க. டிசம்பர், ஜனவரி விடியக்காலையில, புல்லு மேல உறைபனி வெள்ளையா படர்ந்திருக்கிறப்ப, கேஜ் வெச்சா 69, 70தான் காட்டும். டயர் ஓட்டை இல்ல, குளிருக்குக் காத்து சுருங்குது. அதனால எங்க ஓட்டுறீங்களோ அங்க, வண்டி ஆறினப்புறம் பாருங்க. ஜோடியில ரெண்டுக்கும் ஒரே அளவு இருக்கணும்.

ஒரு புது டயரையும் ஒரு மொட்டை டயரையும் ஜோடி சேர்க்காதீங்க. விட்டத்துல 6 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா பெரிய டயரே எல்லாத்தையும் சுமக்கும், சின்னது ரோட்டுல வழுக்கிக்கிட்டே வரும். நைலானையும் ரேடியலையும் கலக்கவே கூடாது.

கல்லு விஷயம் கோத்தகிரி தம்பி சொன்னது சரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில மலைச்சரிவுல இருந்து கல்லு உருண்டு ரோட்டுல கிடக்கும். போதாததுக்கு, ஏத்தத்துல நின்ன வண்டிக்குச் சக்கரத்துல கல்லு கொடுக்கிறவங்க, கிளம்புறப்ப அதை அப்படியே ரோட்டுல விட்டுட்டுப் போயிடுறாங்க. ராத்திரி பைக்ல வர்றவன் அதுல மோதிச் சாகுறான். நீங்க மரக்கட்டை ரெண்டு வண்டியிலேயே வெச்சுக்கங்க, எடுத்துட்டுப் போங்க. ஜோடிக்கு நடுவுல கல்லு மாட்டுனா கடப்பாரையால நெம்பி எடுத்துட்டுத்தான் அடுத்த அடி நகரணும்.

கோத்தகிரி_பச்சைத்தேயிலை

ஃபேப்ரிகேஷன் அண்ணன் கணக்கைப் பார்த்தப்புறம் நான் சொன்னதை மாத்திக்கிறேன். வெளிய தொங்குற எடையை நான் நினைக்கல. ஆனா எஸ்டேட் பாலத்தை மட்டும் டேப் வெச்சு அளந்துட்டு வாங்குங்க அண்ணா. கண்ணளவு நம்பாதீங்க.

குன்னூர்_பட்டறை

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் அலைஞ்சுட்டு வந்தேன். வழக்கமா போற ஆறு எஸ்டேட் ரோட்டுல நாலுல 6 டயர் தாராளமா போகும். ரெண்டுல பாலம் ரொம்பக் குறுகல். அந்த ரெண்டுக்கும் வண்டியை மெயின் ரோட்டுல நிறுத்தி, ரோப் போட்டு வெளிய இழுத்துட்டு அப்புறம் தூக்கிக்கலாம்.

407ஐ எடை மேடையில ஏத்திப் பார்த்தேன். முன்னாடி 1240, பின்னாடி 1010. வீல்பேஸ் 3.1 மீட்டர். 1.9 மீட்டர்ல 900 கிலோ தூக்குனா முன்னாடி 552 குறையுது. கருவியால இன்னொரு 100. மிச்சம் 588, பாதிக்கு 32 கிலோ கம்மி. அண்ணா, என்ன செய்யலாம்?

மேட்டுப்பாளையம்_ஃபேப்ரிகேஷன்

அருமையா போட்டிருக்கீங்க. பூமை, அதாவது காரைத் தூக்குற நீட்டுக் கையை, குட்டையாக்கணும். கார் பம்பர் பாடியில இடிக்காத அளவுக்கு உள்ள இழுத்து 1.6 மீட்டர்ல கொண்டு வாங்க. அப்போ 465தான் குறையும், முன்னாடி 675 நிக்கும். ஸ்டெப்னி, டூல் பெட்டி, சங்கிலி எல்லாத்தையும் கேபினுக்கு ஒட்டி வெச்சா இன்னும் கொஞ்சம் ஏறும். பின் ஆக்சில் எவ்வளவு தாங்கும்னு பிளேட்டுல போட்டிருக்கும், அதையும் பாருங்க. பூம் வரைபடம் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.

ஊட்டி_காய்கறி_லாரி

வண்டி எடுத்ததும் நாலு பிரேக் டிரம்மையும் கழட்டி லைனரைப் பாருங்க, அதுக்கு முன்னாடி ஒரு கார்கூடத் தூக்காதீங்க. இறங்குறப்ப ஏறுன கியர்லயே இறங்கணும். டயர் மாத்துனா 50 கி.மீ. ஓடுனதும் நிறுத்தி நட்டை மறுபடி டைட் பண்ணுங்க. ஜோடி டிஸ்க் ஒண்ணோட ஒண்ணு உக்கார்றதுக்கு அவ்வளவு தூரம் வேணும், மேட்டுப்பாளையம் போயிட்டுத் திரும்புனாலே அந்தத் தூரம் வந்துடும்.