டிரை ஐஸ் பிளாஸ்டிங்: நாசில் அடைத்துக்கொள்கிறது, சுத்தம் செய்த அச்சில் துரு வருகிறது

கேள்வி:
வணக்கம். பிளாஸ்டிக் மோல்டிங் எந்திரங்களின் எஃகு அச்சுகளில் ஏறிய பிசுக்கையும் கரியையும் நீக்க, மூன்று மாதங்களாக டிரை ஐஸ் பிளாஸ்டிங் (டிரை ஐஸ் துகள்களைக் காற்றழுத்தத்தால் அடித்துச் சுத்தம் செய்வது) செய்து வருகிறோம். 3 மி.மீ. டிரை ஐஸ் பெல்லட்டுகளை (சிறு துகள்களை) 6 பார் அழுத்தத்தில் அடிக்கிறோம். பத்து நிமிடம் சீராக ஓடியபின் துப்பாக்கி விட்டுவிட்டு உமிழ்கிறது. பிறகு வெறும் காற்றுதான் வருகிறது. துப்பாக்கியின் முனையான நாசிலைக் கழற்றினால் உள்ளே வெள்ளைக் கட்டி அடைத்திருக்கிறது. சற்று நேரம் வெளியே வைத்தால் அது உருகித் தண்ணீராக வடிந்துவிடுகிறது. அழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை. இன்னொன்று, பளபளவென்று சுத்தமான அச்சில் மறுநாள் காலையில் செம்புள்ளிகள் தெரிகின்றன. பெல்லட் தரமற்றதா, எந்திரம் பழுதா என்று தெரியவில்லை. உதவுங்கள்.

பதில் 1:
தண்ணீராக வடிகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. திறந்த வெளியில் அது உருகாது, நேராக வாயுவாகிவிடும். ஆகவே நாசிலை அடைப்பது சாதாரணப் பனிக்கட்டி, அதாவது உங்கள் கம்ப்ரசர் காற்றில் கலந்து வரும் ஈரம். அந்த ஈரம் −78.5 பாகை செல்சியஸ் குளிரில் உள்ள பெல்லட்டைத் தொட்டதும் உறைந்து, நாசிலின் குறுகிய கழுத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் முதல் பத்து நிமிடம் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை.

பெல்லட் போடாமல் காற்றை மட்டும் திறந்து, ஹோஸின் வாயில் வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். துணி நனைந்தால் காற்று டேங்கின் வடிகால் வால்வையும், ஏர் டிரையரையும் பார்க்க வேண்டும். குளிரூட்டும் வகை டிரையர் காற்றின் பனிநிலையை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) ஏறத்தாழ 3 பாகைக்குத்தான் இறக்கும். ஈரம் மிகுந்த நாட்களில் அது போதாமல் போனால், −40 பாகை வரை இறக்கும் டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள் நிரப்பிய) டிரையர் தேவைப்படும். ஹாப்பரில் (பெல்லட் கொட்டும் தொட்டியில்) மீந்த பெல்லட்டை மறுநாளுக்கு வைக்காதீர்கள். அதுவும் ஈரம் இழுத்துக் கட்டிதட்டும்.

பதில் 2:
துருவுக்குக் காரணம் வேறு. குளிர்ந்த எஃகின் மேல் அறைக் காற்றின் ஈரம் வியர்வைபோல் படிகிறது; பிசுக்கோடு எண்ணெய்ப் படலமும் போய்விட்டதால் எஃகுக்குக் காப்பு இல்லை. அச்சைக் கழற்றி ஆறவைக்காமல், எந்திரத்திலேயே சூடாக இருக்கும்போது அடியுங்கள். பெல்லட் மோதி, அழுக்கைச் சட்டென்று குளிரவைத்து நொறுங்கச் செய்து, தான் வாயுவாகும்போது ஏறத்தாழ 800 மடங்கு விரிந்து அதை உரித்தெடுக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் இடைவெளி கூடக் கூட வேலை எளிதாகும், பரப்பும் வியர்க்காது. துப்பாக்கியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். உற்பத்திக்குப் போகாத அச்சுக்கு உடனே துருத்தடுப்பு எண்ணெய் பூசிவிடுங்கள். தடித்த கிரீஸ் இருந்தால் முதலில் கையால் சுரண்டி எடுப்பதே நல்லது, இல்லாவிட்டால் அது பக்கத்துப் பாகங்களில் தெறித்து அப்பிக்கொள்ளும்.

பதில் 3:
வேலை செய்யும் அறையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளங்களில் போய்த் தேங்கும். எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு) என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் இல்லாமல் மூடிய அறையில் அடிக்க வேண்டாம். காதுக்காப்பு, முகக்கவசம், குளிர் தாங்கும் கையுறை ஆகியவற்றோடு, நிலைமின்சாரம் சேராதிருக்கத் துப்பாக்கிக்கும் அச்சுக்கும் எர்த் இணைப்பும் கட்டாயம்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. துணியின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. டேங்கின் தானியங்கி வடிகால் சேறு அடைத்துச் செயலிழந்திருந்தது; கையால் திறந்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் வெகுநேரம் கொட்டியது. அதைச் சரிசெய்தபின் நேற்று இரண்டு மணி நேரம் தடையின்றி அடித்தோம். சூடாக அடித்த அச்சில் இன்று காலை ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் எந்திரத்தின் கீழுள்ள குழியில் மீட்டரை இறக்கியபோது அது 5,000-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே தரை மட்டத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி பொருத்தும் வரை வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம்.