உள் ஓட்டையா, வெளி ஓட்டையா? வேக விமானத்துக்கு எந்த செட்டப்?

பேட்டை மெக்கானிக்:
நேற்று ராத்திரி நம்ம குரூப்பில் டெல்டா தம்பி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அவர் சொன்னது இதுதான்: "ரிமோட் விமானம் வேகமா பறக்கணும்னா டெல்டா, எலிவான், ரெண்டு 9 கிராம் சர்வோ, அவ்வளவுதான். வாலு, ரடர், ஏலரானுக்குத் தனி சர்வோ இதெல்லாம் வயசானவங்க பார்க்கிற வேலை. கம்பியை சர்வோ கையில் எந்த ஓட்டையில் மாட்டினாலும் ஒண்ணுதான், மீதியை ரிமோட்டில் குறைச்சுக்கலாம்." புதுசாகப் படிக்கிறவர்களுக்கு: டெல்டா என்றால் முக்கோணச் சிறகு. சர்வோ என்பது கம்பியைத் தள்ளி இழுக்கும் குட்டி மோட்டார். அந்தக் கம்பி, ஹார்ன் என்கிற கொம்பைப் பிடித்து, பின்னால் அசையும் மடலைத் திருப்பும். உருட்டும் மடல் ஏலரான், மூக்கைத் தூக்கி இறக்குவது எலிவேட்டர், மூக்கை இடவலமாகத் திருப்புவது ரடர். ஏலரான், எலிவேட்டர் ரெண்டு வேலையையும் ஒரே மடல் பார்த்தால் அது எலிவான். வயசானவன் என்று அவர் சொன்னதை விட்டுவிடுகிறேன், எனக்கு 52தான் ஆகிறது. ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே. எந்த ஓட்டையில் மாட்டினாலும் ஒண்ணா? இதைக் கேட்டுவிட்டுப் புதுசாக வருகிற பையன்கள் ஃபோமையும் மோட்டாரையும் உடைமுள்ளில் கொண்டுபோய்ச் சொருகப் போகிறார்கள். அச்சுக்குக் கிட்டே இருப்பது உள் ஓட்டை, தள்ளி இருப்பது வெளி ஓட்டை. சர்வோ பக்கம் உள் ஓட்டை, ஹார்ன் பக்கம் வெளி ஓட்டை. இது தெரியாதவன் வேகத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

டெல்டா தம்பி:
அண்ணாச்சி, நான் யார் பெயரையும் சொல்லவில்லை. நீங்களே வந்து "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை"ன்னு நின்றால் நான் என்ன செய்ய? சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம போர் விமானம் தேஜஸுக்கு வாலில் படுக்கை இறக்கை இருக்கா? பயணிகள் விமானம் கான்கார்டுக்கு இருந்ததா? ரெண்டும் டெல்டா, ரெண்டும் எலிவான். கான்கார்ட் ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகத்தில் பறந்தது. அதெல்லாம் உள் ஓட்டை பார்த்தா மாட்டினார்கள்? என் டெல்டா கங்கைகொண்டான் பக்கம் குளத்தில் மணிக்கு 150 கிலோமீட்டர் போயிருக்கு. வெளி ஓட்டைதான், ரிமோட்டில் என்ட் பாயிண்ட், அதாவது அசைவின் எல்லை, 30 சதவீதம். ஒன்றும் ஆகவில்லை.

வாத்தியார்:
முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். வேகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 80 கிலோமீட்டரா, 150ஆ, 250ஆ? அப்புறம் செட்டப் என்றால் மடல்களின் அமைப்பா, கம்பி மாட்டும் விதமா? ரெண்டும் வேறு வேறு.

பேட்டை மெக்கானிக்:
தேஜஸாம். வே, அதில் மடலைத் தள்ளுவது ஹைட்ராலிக், அதை நொடிக்கு நொடி திருத்துவது கம்ப்யூட்டர். உம்ம சர்வோவுக்குள்ள இருக்கிறது நாலைந்து பல்சக்கரம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆட்டம் இருக்கும், மெட்டல் கியர் என்றாலும் இருக்கும். முப்பது வருஷம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன், ஆட்டம் இல்லாத கியர் சுத்தாது.

கணக்கு போடுவோம். கியரில் ஆட்டம் ஒரு டிகிரி என்று வை. சர்வோ கையில் வெளி ஓட்டை 14 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, ஹார்னில் நீர் மாட்டியிருப்பது 10 மில்லியில். எலிவான் அகலம் 40 மில்லி. அப்படியானால் எலிவானின் பின் விளிம்பு, சர்வோ அசையாமல் இருக்கும்போதே, ஒரு மில்லிமீட்டர் ஆடும். அதே சர்வோவில் 8 மில்லி உள் ஓட்டை, ஹார்னில் 18 மில்லி வெளி ஓட்டை என்று மாற்றினால் ஆட்டம் 0.3 மில்லி. மூன்றில் ஒரு பங்கு. காசு செலவில்லை, ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். அதோடு சர்வோவின் பலமும் மடலுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். வேகம் ரெண்டு மடங்கானால் காற்று மடலைத் தள்ளுவது நாலு மடங்காகும் என்பதாவது தெரியுமா?

ரிமோட்டில் 30க்குக் குறைத்தேன் என்கிறார். ரிமோட்டில் குறைத்தால் அசைவுதான் குறையும். ஆட்டம் அப்படியே முழுசாக உட்கார்ந்திருக்கும். நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்கி முப்பதை மட்டும் எண்ணிக்கொண்டு மீதியைத் தெருவில் போடுகிற கதை.

கயத்தாறு காற்று:
அந்த 150 ஜிபிஎஸ்ஸில் பார்த்ததா தம்பி? எந்த மாசம்? எங்க ஊரில் காற்றாலை எதற்கு இத்தனை நிற்கிறது தெரியும்தானே. காற்று 40இல் அடித்தால், முதுகில் வாங்கிப் போகும்போது 150 காட்டும், திரும்பி வரும்போது 70 காட்டும். விமானத்தின் வேகம் 110தான். வரும்போது என்ன காட்டியது என்று சொல்லுங்கள்.

டெல்டா தம்பி:
ஏப்ரல் மாசம். ஆடி இல்லை. இலைகூட அசையவில்லை.

கயத்தாறு காற்று:
வரும்போது என்ன காட்டியது?

டெல்டா தம்பி:
அது இப்போ பேச்சில்லை. மெக்கானிக் அண்ணாச்சி கணக்கில் ஒன்றை மறைக்கிறார். உள் ஓட்டைக்கு மாற்றினால் மடல் அசையும் வேகமும் குறையும். 150இல் போகிற விமானத்தில் மடல் சோம்பேறியாக நகர்ந்தால் எப்படி? 18 மில்லி ஹார்னை ஃபோமில் ஹாட் க்ளூ வைத்து ஒட்டினால் அந்த ஹார்னே சாயும், அந்த ஆட்டத்தை யார் கணக்கில் சேர்ப்பது? கம்பி ஓட்டைக்குள் லூசாக இருந்தால் உள்ளே மாட்டினாலும் ஆடும், வெளியே மாட்டினாலும் ஆடும். அதனால்தான் எந்த ஓட்டையானாலும் ஒண்ணு என்றேன்.

சுரண்டை சிறகு:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கணும். மெக்கானிக் அண்ணாச்சி, போன வருஷம் பணகுடி பக்கம் பறக்கவிட்டபோது "ஒரு ரவுண்டு போயிட்டுத் தாரேன்" என்று என் 3 செல் 2200 லிப்போ பேட்டரியை வாங்கினீர்கள். ரவுண்டு முடிந்ததா?

பேட்டை மெக்கானிக்:
அது தரும்போதே உப்பித்தான் இருந்தது. பெட்டியில் மண் போட்டு வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கோ.

தம்பி, ஹார்ன் சாய்கிறது என்றால் ஹார்னை ஒழுங்காக வை. மரப்பட்டையோ பிளாஸ்டிக் தகடோ ஃபோமின் மறுபக்கம் கொடுத்து ஸ்குரூ போட்டு இறுக்கு. கம்பி லூசாக இருக்கிறது என்றால் ஓட்டைக்குத் தகுந்த கம்பி போடு. உம்ம வேலை சுத்தமில்லை என்பதற்காக ஓட்டை மேல் பழி போடாதேயும்.

வாத்தியார்:
"ஓட்டை" என்பது சேதாரம். வேண்டும் என்று போடுவது "துளை". அப்புறம் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பேட்டை மெக்கானிக்:
சார், பட்டறையில் அது ஓட்டைதான்.

அம்பை வி-வால்:
எலிவான்தான் வேகத்துக்கு என்று சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? எஃப்3டி என்று உலக அளவில் பைலான் பந்தயம் நடக்கிறது. மூன்று கம்பத்தைச் சுற்றிப் 10 சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர், நல்ல ஆட்கள் ஒரு நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த விமானங்களுக்கு நீளச் சிறகும் தனி வாலும் இருக்கும். நிறைய பேர் வி-வால், அதாவது V எழுத்து மாதிரி விரிந்த வால், வைக்கிறார்கள். எலிவானில் ஒரே மடல் ரெண்டு வேலை பார்க்கிறது. மூக்கைத் தூக்க முழுசாக இழுத்தால் உருட்டுவதற்கு மிச்சம் இல்லை. இறுக்கித் திரும்பும்போது தெரியும்.

டெல்டா தம்பி:
நான் கம்பத்தைச் சுற்றவில்லை, நேராகப் போகிறேன். அதோடு உங்க வி-வாலும் மிக்ஸிங்தானே, அதிலும் ஒரு மடல் ரெண்டு வேலைதானே. ஊருக்கு உபதேசம்.

அம்பை வி-வால்:
வி-வாலில் எலிவேட்டரும் ரடரும் கலக்கும். ஏலரான் சிறகில் தனியாக இருக்கும். படம் வரைந்து அனுப்பவா?

பேட்டை மெக்கானிக்:
வால் பேச்சு அப்புறம். ஓட்டைக்கு வாங்க. ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2019 மே. எங்க ஊர்ப் பக்கத்துக் குளம் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சன் போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரைப் பலகையில் செய்த டெல்டா, சர்வோவிலிருந்து மடலுக்குப் போகும் கம்பி (புஷ் ராட்) சைக்கிள் ஸ்போக்ஸ்தான். மேலே ஏற்றி, முழு த்ராட்டிலில், அதாவது மோட்டாரின் முழு வேகத்தில், கீழே இறக்கினேன். பாதி இறக்கத்தில் ஒரு சத்தம். மோட்டார் சத்தம் இல்லை. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு மாட்டிக்கொண்டால் "ப்ர்ர்ர்" என்று கேட்குமே, அது. த்ராட்டிலைக் குறைக்கலாம் என்று விரல் போவதற்குள் இடது எலிவான் தனியாகக் கழன்று காகிதம் மாதிரி பறந்தது, விமானம் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கிக் கரை மேல் கருவேல மரத்தில் செருகியது. போய் எடுத்துப் பார்த்தேன். டேப் கீல் பாதி கிழிந்திருந்தது. சர்வோவைத் திறந்தால் கடைசி சக்கரத்தில் அடுத்தடுத்து ரெண்டு பல் இல்லை. மூடிக்குள் பவுடராகக் கிடந்தது. கம்பி மாட்டியிருந்தது வெளி ஓட்டையில். அன்றைக்கு எனக்கும் எல்லா ஓட்டையும் ஒண்ணுதான்.

டெல்டா தம்பி:
ஆக விழுந்தது உங்க விமானம். என்னது விழவில்லை. விழுந்தவர் விழாதவருக்குப் பாடம் எடுக்கிறார். அண்ணாச்சி, டேப் கீல் கிழிந்ததாக நீங்களே சொல்கிறீர்கள். கீல் போனால் உள் ஓட்டை என்ன, ஓட்டையே இல்லாமல் ஒட்டினாலும் மடல் போகும். சன் போர்டு மடலே வளையும். சைக்கிள் ஸ்போக்ஸ் அவ்வளவு நீளத்துக்கு நடுவில் பிடிப்பில்லாமல் விட்டால் வில்லாக வளையும். இத்தனை குற்றவாளிகள் நிற்கும்போது ஓட்டையை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

பேட்டை மெக்கானிக்:
கீல் கிழிந்தது படபடத்ததால். படபடத்தது ஆட்டத்தால். ஆட்டம் வந்தது வெளி ஓட்டையால். முதலில் முட்டையா கோழியா என்று எனக்கே சொல்லித் தருகிறீரா?

கயத்தாறு காற்று:
முழு த்ராட்டிலில் சன் போர்டைக் கீழ்நோக்கி விட்டால் எதில் மாட்டியிருந்தாலும் போகும் அண்ணாச்சி. இதில் தம்பி சொல்வதிலும் கொஞ்சம்…

பேட்டை மெக்கானிக்:
நீயுமா வே. போன மாசம் உன் ஏலரான் ரெண்டையும் நடுவில் ஒரே சர்வோவில் மாட்டிவிட்டு "ஏன் ஒரு பக்கம் தொங்குது" என்று ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்குப் போன் போட்டாய்?

கயத்தாறு காற்று:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

சுரண்டை சிறகு:
பேச்சு போதும், ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டுப் பார்ப்போம். நாங்குநேரி தாண்டி விஜயநாராயணம் பக்கம் நல்ல வெட்டவெளி இருக்கு.

அம்பை வி-வால்:
அங்கே நேவி ஸ்டேஷன் இருக்குவே. கட்டபொம்மன் பெயரில் கோபுரம் கோபுரமாக ஆன்டெனா நிற்கிறதே, கண்ணில் படவில்லையா? விமானத்தோடு சேர்த்து நம்மையும் தூக்கிப்போவான். அந்தப் பக்கம் கூடங்குளம் அணு உலை, இந்தப் பக்கம் ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரி. பேசாமல் கங்கைகொண்டான் குளத்துக்கே வாங்க.

டெல்டா தம்பி:
கங்கைகொண்டானுக்கு நான் தயார். காலை ஆறரை, காற்று கிளம்புவதற்கு முன்னால். அதே டெல்டா, அதே வெளி ஓட்டை, ஒரு இஞ்சுகூட மாற்ற மாட்டேன். மெக்கானிக் அண்ணாச்சியும் அவர் உள் ஓட்டையும் எதிரில் பறக்கட்டும்.

வாத்தியார்:
எந்த வேகத்தில்?

பேட்டை மெக்கானிக்:
வாரேன். மில்லிமீட்டருக்குக் கீழேயும் அளக்கிற வெர்னியரும் கொண்டு வாரேன், மேலே ஏற்றுவதற்கு முன்னால் உம்ம எலிவானின் பின் விளிம்பைப் பிடித்து எல்லார் முன்னாலேயும் ஆட்டிப் பார்ப்பேன். ஒரு மில்லிக்குக் கீழே இருந்தால் டீச்செலவு என்னுது.

டெல்டா தம்பி:
ஆட்டிப் பார்க்க எல்லாம் தர மாட்டேன். பறக்கும்போது பாருங்க.

சுரண்டை சிறகு:
அண்ணாச்சி, வெர்னியரோடு அந்த மண்பெட்டியும்.

பேட்டை மெக்கானிக்:
ஏன் தர மாட்டேன் என்கிறார், கவனிச்சீங்களா எல்லாரும்?