போர்புல் நாய்க்கு உப்புக்காற்றில் தாங்கும் கொக்கி வேண்டும்
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்கள் போர்புல்லுக்கு (பெரிய காவல் நாய் இனம்) வயது 3, எடை 60 கிலோவுக்கு மேல். காலை நடை பெரும்பாலும் ப்ளூ லகூன் கடற்கரைப் பக்கம்தான்.

நாயைப் பிடிக்கும் கயிறு நன்றாக இருக்கிறது, கழுத்துப் பட்டையில் மாட்ட அதன் நுனியில் உள்ள கொக்கிதான் பிரச்சினை. போன வாரம் குரங்கைப் பார்த்து அவன் பாய்ந்ததும் கொக்கி இரண்டாக உடைந்துவிட்டது. மேலே பளபளவென்று குரோம் பூச்சு. உடைந்த இடத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று துத்தநாக வார்ப்பு. பக்கத்திலேயே ரோடு, நல்லவேளை வண்டி எதுவும் வரவில்லை. இன்னும் எனக்குப் பதற்றம் போகவில்லை.

அதற்கு முன்பு இருந்தது பித்தளைக் கொக்கி. அது உடையவில்லை, ஆனால் சில மாதங்களிலேயே உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து, இழுத்துவிட்டால் பாதியில் நின்றுவிடும். முழுசாக மூடாத கொக்கியை எப்படி நம்புவது? நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டும் பார்த்தாயிற்று. அப்புறம் மலையேறுபவர்கள் பயன்படுத்தும் அலுமினியக் காரபினர் (திருகிப் பூட்டும் வளையக் கொக்கி). பலம் சரி, ஆனால் திருகில் மணல் புகுந்து இறுகிவிடுகிறது.

படகுச் சாமான்களுக்குப் பயன்படும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடலோரத்தில் பெரிய நாய் வளர்ப்பவர்களே, அதில் ஸ்பிரிங் கொக்கி, திருகுப் பூட்டுள்ள காரபினர், இரண்டில் எது உங்களுக்கு நீண்ட நாள் உழைத்தது?