அப்டேட்: தம்பியோட சைக்கிளும் மூளைப் பயிற்சியும்
முன்னாடி கேட்டிருந்தேன்ல, தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), மாத்திரையில இல்லாத குரல் கேக்குறது அடங்கிடுச்சு ஆனா மறதியும் மந்தமும் போகல, உடற்பயிற்சியோட மூளைப் பயிற்சியும் சேர்த்தா உதவுமான்னு. டாக்டர்கிட்ட பேசிட்டு ஆரம்பிச்சாச்சு. வேர்க்குற அளவுக்கு சைக்கிள், அப்புறம் கம்ப்யூட்டர்ல ஞாபகப் பயிற்சி. உடம்பு நல்லா உழைக்கும்போது பிடிஎன்எஃப்னு ஒரு புரதம் கூடும், அது மூளை செல்கள் புது இணைப்பு போட உதவும்ங்கிறதுதான் ஐடியா. அமெரிக்காவுல யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வுல, நோய் புதுசா வந்தவங்களுக்கு ரெண்டையும் சேர்த்து குடுத்தப்போ, கம்ப்யூட்டர் பயிற்சி மட்டும் எடுத்தவங்களைவிட நல்ல பலனாம். மாத்திரையை நிறுத்தல, கேட்டவங்களுக்காக சொல்றேன். கம்ப்யூட்டர் பயிற்சியில ஸ்கோர் பெருசா ஏறல, ஆனா நேத்து அம்மா சொன்ன நாலு சாமானையும் சீட்டு இல்லாம வாங்கிட்டு வந்து மிச்சக் காசையும் எண்ணிக் குடுத்தான். அவனை சைக்கிளுக்குக் கிளப்புறதுதான் பெரும்பாடு, தனியா போக மாட்டேங்குறான், நானும் கூட மிதிக்க வேண்டியிருக்கு.