புதுப்பிப்பு: உயரும் இருக்கைக்கான விண்ணப்பம்

மின்சக்கர நாற்காலியின் இருக்கையை உயர்த்தும் வசதிக்கும் அரச மருத்துவ உதவி வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். தங்கைக்காகக் கொடுத்த விண்ணப்பம் திரும்பிவிட்டது. நாற்காலி அவசியமாம், உயரும் இருக்கை வெறும் சௌகரியமாம்.

சௌகரியமா? களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக் கட்டில் அவளது நாற்காலியைவிட உயரம். கைகளை ஊன்றி, முழு உடலையும் தோளால் தூக்கித்தான் ஏறுகிறாள். ஏறியதும் வலது தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசமாட்டாள். இருக்கை கட்டிலுக்குச் சற்று மேலே உயர்ந்தால் சறுக்கியே போய்விடலாம். தோளும் போய்விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகள் சிலருக்குமான மெடிகெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதியும் இதை மருத்துவத் தேவையாக ஏற்காமல்தான் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் ஓயாமல் வாதாடினார்கள். 2023 மே 16 அன்று, தகுதியுள்ளோருக்குச் செலவை ஏற்பதாக முடிவு வந்தது. நாற்காலியில் இருப்பவரை எழுப்பி நிற்கவைக்கும் வசதியை அதில் சேர்க்காதது பெருங்குறை.

இலங்கை 2016இல் உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, தரமான நடமாட்டச் சாதனங்கள் கட்டுப்படியான செலவில் கிடைக்க வேண்டும் என்கிறது. மேன்முறையீட்டில் அதையும் சிகிச்சையாளரின் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதே பதில் கிடைத்தவர்கள் எழுதுங்கள், சேர்ந்தே கேட்போம்.