இனவெறுப்புக் கட்சிக்குத் தொலைக்காட்சியில் இடம் தரலாமா?

எல்பில் பேரன்:
நேற்று மாலை மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் ஒட்டுக்கடையில் நாங்கள் நால்வர் தேநீர் ஆறும்வரை வாதாடினோம். முடிவு எட்டவில்லை, அதனால் இங்கே வைக்கிறேன். ஓர் இனத்தையே ஆகாதது என்று சொல்லும் கட்சியைத் தொலைக்காட்சி அழைத்துப் பேச வைக்கலாமா?

பேச்சு பிபிசியிலிருந்து தொடங்கியது. 2009 ஜூனில் பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்களைப் பிடித்தது. வெள்ளையரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டிருந்த கட்சி அது. அக்டோபர் 22ஆம் தேதி அதன் தலைவர் நிக் கிரிஃபினைப் பிபிசி ‘குவெஸ்டியன் டைம்’ நிகழ்ச்சியில் உட்கார வைத்தது. வாசலில் பெரிய ஆர்ப்பாட்டம். சிலர் நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். ஏறக்குறைய 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவரின் குழுவை அநேகமாக வன்முறையே இல்லாதது என்று கிரிஃபின் சொன்னபோது அரங்கமே சிரித்தது. 2010 பொதுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2014இல் அவர் தன் ஐரோப்பிய இடத்தையும் இழந்தார்.

அழைத்தது சரி என்பதே என் வாதம்.

செந்தூல் மகள்:
தம்பி, 2010இல் இடம் கிடைக்கவில்லை என்றீர்கள். வாக்கு எவ்வளவு என்று சொல்லவில்லையே? 2005இல் இரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்தது, 2010இல் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. சிரித்த அரங்கத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். வீட்டில் சிரிக்காமல் உட்கார்ந்து கேட்டவர்களை நான் நினைக்கிறேன்.

பிரான்சையும் பாருங்கள். 1984 பிப்ரவரியில் தீவிர வலதுசாரித் தலைவர் ழான் மரி லெ பென்னுக்கு அரசுத் தொலைக்காட்சி மாலை நேரத்தில் ஒரு முழு நேர்காணலைக் கொடுத்தது. ஜூனில் அவருடைய கட்சி ஏறக்குறைய 11 விழுக்காடு வாக்குகளும் பத்து இடங்களும் பெற்றது.

நான் திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவள். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், ஜூன் இறுதியில் கோலாலம்பூரின் செந்தூலில் மீண்டும் கலவரம் வெடித்த இரவில், அம்மா என் அண்ணனை மடியில் போட்டு வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தார். பிள்ளை அழுதால் வெளியே கேட்டுவிடும் என்ற பயம். அந்த நிலைக்கு ஓர் ஊர் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. முதலில் பேச்சுதான் வருகிறது.

எல்பில் பேரன்:
2005இல் சுமார் 120 தொகுதிகளில் நின்ற கட்சி 2010இல் 330க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்றது. வாக்கு கூடியதற்கு அதுவும் காரணம். லெ பென் கட்சியும் தொலைக்காட்சிக்கு முன்பே, 1983 செப்டம்பரில், துரூ என்ற சிற்றூரின் நகராட்சித் தேர்தலில் ஏறக்குறைய 17 விழுக்காடு வாங்கிவிட்டது. கூட்டம் முதலில் சேர்ந்தது, கேமரா பின்னால் போனது.

லாரிக்காரன் குமார்:
நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். 2022 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு மே 13ஐச் சொல்லி மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் பரவினவே, எந்த நிலையம் அவற்றுக்கு நேரம் ஒதுக்கியது? என் மகள் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். வாசலைப் பூட்டிவிட்டுக் கூரை இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

எல்பில் பேரன்:
அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபின் வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

முத்திரை குத்துவது யார்? 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணிக்கு என் அப்பா போனார். கண்ணீர்ப்புகையில் சிவந்த கண்களோடு திரும்பினார். அடுத்த மாதமே ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். பயங்கரவாதத் தொடர்பு என்றார்கள். 2008 அக்டோபரில் இயக்கத்துக்கே தடை வந்தது; 2013 ஜனவரி வரை நீடித்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் அவர்களைப் பற்றி எத்தனையோ கேட்டோம்; அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. பால்மரத்தைத் தவிர வேறெதுவும் அறியாத என் அப்பா அந்த மாதங்களில் தீவிரவாதி ஆனார்.

நம் சுங்கை சிப்புட் தொகுதிக் கதையும் அதுதான். 2008இல் நாம் தேர்ந்தெடுத்த டாக்டர் ஜெயக்குமார் வேறு கட்சியின் சின்னத்தில்தான் நின்றார். அவருடைய சோசலிசக் கட்சி 1998இல் பதிவு கேட்டது, கிடைத்தது 2008இல். இன்றைக்கு வெறுப்புக் கட்சியை அடைக்க ஒரு கதவைச் செய்து கொடுத்தால், அது நாளை நம் முகத்தில் அடைபடும்.

செந்தூல் மகள்:
கோயிலை இடிக்காதே, என் பிள்ளைக்குப் படிப்பும் வேலையும் கொடு என்று கேட்டவர்களையும், பக்கத்து வீட்டுக்காரனை நாட்டைவிட்டு விரட்டு என்கிறவர்களையும் எப்படி ஒரே தராசில் வைக்கிறீர்கள்? கட்சியின் பெயரைப் பார்க்க வேண்டாம், வாயிலிருந்து வரும் சொல்லைப் பாருங்கள் என்கிறேன்.

இன்னொன்று. வாக்கு வாங்கிய கட்சிக்கு நேரம் உண்டு என்பது பிபிசி வைத்த அளவுகோல். இந்த நாட்டில் இந்தியர்களான நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. வாக்குக் கணக்கில் நம்மைக் காப்பாற்றும் எண்ணிக்கை என்றைக்கும் வராது. ருவாண்டாவில் 1994இல் ஒரு வானொலி துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பெரும்பான்மையினர் கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற கிராணி:
இருவரும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ருவாண்டா வானொலியில் எதிர்க்கேள்வி கேட்க யாரும் இல்லை. கிரிஃபினின் பக்கத்தில் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

தடையின் விளைவையும் பார்த்தாயிற்று. 1988 அக்டோபரில் பிரிட்டனின் தாட்சர் அரசு, ஐஆர்ஏ ஆயுதக் குழுவோடு தொடர்புடைய வட அயர்லாந்துக் கட்சியான சின் ஃபெயினின் தலைவர்களின் குரலை ஒலிபரப்பக் கூடாது என்றது. அக்கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸ் திரையில் வாயசைப்பார், ஒரு நடிகர் குரல் கொடுப்பார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் தடை நீங்கியது. 1998இல் அமைதி ஒப்பந்தம் பேசிய மேசையில் அதே ஆடம்ஸ் இருந்தார்.

நேரலை வேண்டாம். முன்பதிவு செய்யட்டும், விவரம் அறிந்தவர் எதிரே அமரட்டும், கொலை மிரட்டல் வந்தால் அந்த இடம் வெட்டப்படட்டும்.

எல்பில் பேரன்:
கத்தரி யார் கையில் ஐயா? 2013 தேர்தலில் எதிர்க்கட்சிகளுக்கு அரசு நிலையமான ஆர்டிஎம்மில் பத்து நிமிடம் தருகிறோம் என்றார்கள், அதுவும் முன்பதிவாக. அவர்கள் அதை அவமதிப்பு என்று மறுத்தார்கள். அந்தக் கத்தரியை நான் நம்ப மாட்டேன்.

செந்தூல் மகள்:
கத்தரியை நானும் முழுதாக நம்பவில்லை, தம்பி. உங்கள் அப்பாவின் கதைக்குப் பின் அதை ஒப்புக்கொள்கிறேன். நேரலைக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஒட்டுக்கடைக்கு வருகிறேன். அம்மாவை அழைத்து வருவேன். எண்பதைத் தாண்டிவிட்டார், ஆனால் நினைவு மங்கவில்லை. உங்கள் அப்பாவையும் அழைத்து வாருங்கள்.