மெய்யழகனை இரண்டாம் முறை பார்த்தவர்கள் உண்டா?

உரக்கடைக்காரன் (மன்னார்குடி):

வணக்கம். மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். சம்பா நேரம் என்பதால் காலை ஏழு மணிக்கே டிஏபி இருக்கிறதா, யூரியா வந்ததா என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்படியும் இந்த வருடம் (2024) தியேட்டர் பக்கம் போவதை விடவில்லை. ஜூனில் மகாராஜா, ஆகஸ்டில் வாழை, போன மாதம் லப்பர் பந்து. மகாராஜாவில், குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று போலீஸ் நிலையத்தில் விஜய் சேதுபதி விடாப்பிடியாக நிற்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயம் புரிந்த பிறகு, அன்றிரவு சோறு இறங்கவில்லை. லப்பர் பந்தில் விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் என் வயதுக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர் இறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை அல்லவா. ஆனால் எனக்கு அதில் பிடித்தது யசோதையாக வரும் சுவாசிகாதான். டிராக்டரோடு மைதானத்துக்குள் இறங்குகிறாரே, உரக்கடைக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கேட்க வந்தது மெய்யழகன் படம் பற்றி.

செப்டம்பர் 27, முதல் நாள் இரவுக் காட்சி பார்த்தேன். கதை நடக்கும் நீடாமங்கலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அது மட்டுமல்ல. படத்தில் வருவதுபோல எங்கள் வீட்டிலும் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. அப்பா போன பிறகு அக்காவின் பங்கு பற்றி அத்தான் ஒரு வார்த்தை கேட்டார், நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் திருப்பூருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. நல்லது கெட்டதுக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். அத்தானும் நானும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

படத்தில் கார்த்தி வாய்க்கு வாய் ‘அத்தான், அத்தான்’ என்று அரவிந்த்சாமியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இரவில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க் கதை, மாட்டுக் கதை, சோழர் கதை என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பையன் கொட்டாவி விட்டான். எனக்கு அந்தப் பேச்சுதான் படம். ஒன்றுமில்லாததைப் பேசிப் பேசியே அல்லவா உறவு ஒட்டுகிறது?

அக்டோபர் 2, மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போட அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். சாயங்காலம், “ஒரு படத்துக்குப் போகலாம், வாருங்கள்” என்று அத்தானைக் கட்டாயப்படுத்தித் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். என் வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடும் என்று ஒரு கணக்கு. போகிற வழியெல்லாம், “ராத்திரிப் பேச்சு ஒன்று வரும், அதைக் கவனியுங்கள்” என்று சொல்லிவைத்தேன். இடைவேளையில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தபோதும் சொன்னேன்.

அந்தப் பேச்சு வந்தது, ஆனால் வந்த வேகத்தில் போய்விட்டது. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று நான் காத்துக்கொண்டிருக்கும்போதே பொழுது விடிந்துவிட்டது. வெளியே வந்து டீ குடிக்கும்போது அத்தான் கேட்டார்: “படம் நன்றாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. ஆனால் நீ சொன்னது எந்த இடம்?”

வீட்டுக்கு வந்து பேப்பரைத் தேடிய பிறகுதான் தெரிந்தது, வெளியான சில நாளிலேயே 18 நிமிடம் குறைத்துவிட்டார்களாம். இயக்குநரே சம்மதித்துச் செய்ததுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதே காசு வாங்கிக்கொண்டு வேறு படத்தைக் காட்டும்போது, டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு அட்டையாவது எழுதி வைக்க வேண்டாமா? முழுதாகவும் குறைத்தும் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு என்ன தோன்றியது?

கோரையாறு:

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு 18 நிமிடம் ஒரு நீளமா? ரயில் இன்ஜினைத் திருப்பி மாட்டி முடிப்பதற்குள் எங்களுக்கு இடைவேளையே வந்துவிடும்.

பழைய ஆபரேட்டர் (திருச்சி):

உரக்கடைக்காரர் ஐயா, 26 வருடம் புரொஜெக்டர் அறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். படத்தைக் குறைப்பது புதிது அல்ல. ரீல் காலத்தில் ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். முதல் காட்சி தாமதமாகத் தொடங்கினால், அடுத்த காட்சிக்கு நேரம் சரிக்கட்ட ஒரு பாட்டை நாங்களே தூக்கிவிடுவோம். பெரும்பாலும் மூன்றாவது பாட்டு. மறுநாள் அந்தப் பாட்டுக்காகவே வந்தவன் அறைக் கதவைத் தட்டிச் சண்டை போடுவான். ஒருவன் என் சட்டையையே பிடித்திருக்கிறான். அவன் பக்கம் நியாயம் இருந்தது.

இப்போது ஆபரேட்டரால் ஒரு நொடிகூட வெட்ட முடியாது. படம் பூட்டுப் போட்டு, தியேட்டரின் கம்ப்யூட்டரான சர்வருக்கு வருகிறது, திறக்கும் சாவி தனியாக வருகிறது. எந்த சர்வரில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓடலாம் என்பது அந்தச் சாவியிலேயே இருக்கும். குறைத்த வடிவம் வந்தால், இனி இதைத்தான் ஓட்ட வேண்டும் என்று செய்தி வரும், அவ்வளவுதான். டிக்கெட் கொடுக்கிற பெண்ணுக்குச் சில சமயம் அதுவும் தெரிந்திருக்காது. சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தில் கை வைத்தால் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பார்க்க வருகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி எதையும் என் காலத்தில் நான் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லும் அட்டையை நான் ஆதரிக்கிறேன்.

இன்னொன்று. ஜூலையில் இந்தியன் 2 வந்தபோதும் கிட்டத்தட்ட 12 நிமிடம் இப்படித்தான் போனது. அதற்காக யாரும் இங்கே வந்து அழுததாக நினைவில்லை.

கடைசி பஸ்:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம். குறைத்த வடிவத்தை மட்டும்தான் பார்த்தேன், அதுவே எனக்கு நீளம். நான் வேலை முடிந்து மாலைக் காட்சி பார்த்தால், பட்டுக்கோட்டைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மூன்று மணி நேரப் படம் என்றால், அரவிந்த்சாமி நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்க்கும்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பஸ்ஸை விடுங்கள். மணமேடையில் அரவிந்த்சாமி தங்கை புவனாவுக்கு நகைகளை அணிவிக்கிறாரே, அங்கே நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அழுதேன். அங்கே என்ன பேசுகிறார்கள்? அநேகமாக ஒன்றுமில்லை. சைக்கிள் விஷயம் தெரியவரும் இடமும் அப்படித்தான். விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது என்று தெரிந்ததும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாலே போதும். பேசாமலே இவ்வளவு சொல்லத் தெரிந்த இயக்குநர், கார்த்தியை மட்டும் ஏன் அத்தனை பேச விட்டார்? வெட்டியதே நல்லது என்பேன்.

உங்கள் அத்தானுக்குப் படம் பிடித்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அந்தப் பதினெட்டு நிமிடத்தைத் தேடியது நீங்கள் மட்டும்தான்.

வைகைக்கரை (மதுரை):

நீளம், குறைவு என்று நடக்கிற இந்தப் பஞ்சாயத்தில் கொட்டுக்காளி படத்தை யாரும் பேசாதது ஆச்சரியம். அதற்கு இதே கேள்வி தலைகீழாக வந்தது. ஆகஸ்ட் 23 அன்று வாழையும் அதுவும் ஒரே நாளில் வந்தன. வாழைக்கு வாசலில் கூட்டம். கொட்டுக்காளிக்கு எங்களோடு சேர்த்து முப்பது பேர் இருந்தால் அதிகம்.

பின்னணி இசையே கிடையாது. பின்வரிசையில் ஒருவர் முறுக்கு கடித்தது படத்தின் ஒலிபோலவே கேட்டது. சூரி தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கரகரத்த குரலில் எரிந்து விழுகிறார். அன்னா பென் வாயைத் திறப்பதே அபூர்வம். ஆட்டோ போகிறது, நிற்கிறது, போகிறது. வழியில் ஒரு மாடு மறிக்கிறது, இத்தனை ஆண்பிள்ளைகளுக்கும் அடங்காத அந்த மாட்டை ஒரு சின்னப் பெண் வந்து பிடித்துக்கொண்டு போகிறாள். எனக்கு அந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது.

முடிவுதான் சிக்கல். என்ன நடக்கும் என்று நாம் இருக்கையின் நுனிக்கு வரும்போது பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. “அவ்வளவுதானா?” என்று ஒருவர் கத்தினார். விளக்குப் போட்ட பிறகும் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை. கோபமா, மீதி வரும் என்ற நம்பிக்கையா, தெரியவில்லை. என்னோடு வந்த தம்பி, படம் உடைந்துவிட்டது என்றே நினைத்து ஆபரேட்டர் அறையைத் திரும்பிப் பார்த்தான்.

நூறு நிமிடம்தான் படம். அதற்கு 18 நிமிடம் சேர்த்திருந்தால் கூட்டம் வந்திருக்குமோ என்னவோ, படம் கெட்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கூட்டம் கொட்டாவி விடுகிறது என்று வெட்டவும் கூடாது, கத்துகிறது என்று ஒட்டவும் கூடாது. மெய்யழகனை நான் முழுதாகவே பார்த்தேன். மாட்டுக் கதை எனக்கும் நீளம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

உரக்கடைக்காரன் (மன்னார்குடி):

எல்லோருக்கும் நன்றி. கடை மூடிய பிறகு எழுதுகிறேன்.

ஆபரேட்டர் ஐயா, மூன்றாவது பாட்டு விஷயத்தை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொண்டீர்களே, அதுவே பெரிது. நான்கூடச் சின்ன வயதில் ஒருமுறை அறைக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

தங்கை கடைசி பஸ்ஸுக்கு: போன மாதம் வந்த விஜய்யின் கோட் படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. அதை எந்த பஸ்ஸைப் பிடித்துப் பார்த்தீர்கள்? சண்டை நீண்டால் பொறுத்துக்கொள்கிறோம், இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசினால் நமக்கு நேரமாகிவிடுகிறது. ஆனால் தேடியது நான் மட்டும்தான் என்று எழுதினீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மூன்று முறை படித்தேன். மணமேடைக் காட்சியில் என் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நானும் பார்த்தேன். நான்தான் அடுத்து வரும் பேச்சை நினைத்துக்கொண்டு அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன்.

வைகைக்கரை சொன்ன கொட்டுக்காளி எங்கள் ஊருக்கு வரவே இல்லை. தஞ்சாவூரில் தேடுவதற்குள் எடுத்துவிட்டார்கள். மெய்யழகனும் ரஜினியின் வேட்டையன் வரும் வரைதான் தாக்குப்பிடிக்கும்போல.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்று இரவு அத்தானே போன் செய்தார். உர விலை கேட்டார், இங்கே மழை உண்டா என்று கேட்டார். பிறகு, “அன்றைக்கு ஏதோ ஒரு இடத்தைச் சொன்னாயே, வெட்டிவிட்டார்கள் என்று. அதில் என்னதான் பேசிக்கொள்கிறார்கள்?” என்றார். திண்ணைக்கு வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். 18 நிமிடத்தைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் எங்கள் வீட்டு மாட்டுக் கதை ஒன்றும் கலந்துவிட்டது. எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று, “அத்தான்?” என்றேன்.

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லு” என்றார்.